டயர் எரிந்த மேடு

சனாவுல்லா மூட்டையை அவிழ்த்து ஒரு மொட்டை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார். விரலில் கரி அப்பியது. திண்டுக்கல்லில் அவர் பூக்கடைக்குத்தான் சுந்தரம்மாள் ஆறு வருஷமாக மல்லிகை கொண்டுவந்து போடுகிறாள். ஒரு நாளும் அவர் மூட்டையைத் திருப்பித் தந்ததில்லை.

“எண்ணெ நாத்தம் அடிக்குதும்மா. இத யாரு தலையில வைப்பா?” என்றார், பக்கத்துக் கடைக்குக் கேட்காத குரலில்.

மூட்டையோடு பஸ்ஸில் ஏறினால் யாராவது விசாரிப்பார்கள் என்று சுந்தரம்மாள் தன் ஊரான அகரம் வரை நடந்தே வந்தாள்.

மல்லிகைத் தோட்டத்துக்கு மேலே இருந்த கல்லு மேட்டை அவள் புருஷன் சோலைமலை தை மாதம் முத்துச்சாமிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தான். முத்துச்சாமி தேய்ந்த லாரி டயர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குவித்தான். டயரின் விளிம்புக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கு டவுனில் நல்ல கிராக்கி. “ரப்பருக்குள்ள நூலத் தறிப் பாவு மாதிரி பின்னி வச்சிருக்கான். அறுக்கவும் ஏலாது, உரிக்கவும் ஏலாது. எரிச்சாத்தான் கம்பி கையில வரும்” என்பான். எரிந்தது. அந்த நூல் கருகி, பஞ்சுபஞ்சாய்ப் பறந்து வந்து செடியில் உட்கார்ந்தது, காய்ந்த சேலையில் உட்கார்ந்தது, கஞ்சியில் விழுந்தது. அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். “கல்லுல வேற என்னத்த வெளைய வைக்கச் சொல்ற?” என்றான் சோலைமலை. பிறகு அவனே அங்கே கூலிக்குக் கம்பி பொறுக்கப் போனான்.

அவள் வந்து சேர்ந்தபோது ஆம்பளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். குவியல் பாதி எரிந்துகொண்டிருந்தது. காற்று தோட்டத்தைப் பார்த்து வீசியது. சுந்தரம்மாள் மூட்டையை வரப்பில் போட்டுவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

மேட்டுக்குக் கீழே இருந்த கிணறு அவளுக்கும் பக்கத்துக் காட்டு ஒச்சம்மாளுக்கும் பொது. ஒச்சம்மாளின் மிளகாய்ச் செடியும் கறுத்துத்தான் கிடந்தது.

“அக்கா, ஒரு கொடம் எடுத்துட்டு வாங்க. அணைச்சுப்புடுவோம்.”

“ஒன் வீட்டுக்காரரு வைவாரேடி.”

“வையட்டும்.”

இரண்டு பேரும் மாறி மாறி இறைத்து மேடேறினார்கள். எத்தனை குடம் என்று தெரியாது. ஊற்ற ஊற்ற நெருப்பு சீறி, ஒதுங்கி, வேறு பக்கம் எழுந்தது. கடைசியில் வெறும் ஆவிதான் வந்தது. சுந்தரம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“ஏடி, கீழ பாரு” என்றாள் ஒச்சம்மாள்.

குவியலுக்கு அடியிலிருந்து ஏதோ கறுப்பாக, கொழகொழவென்று, அவர்கள் ஊற்றிய தண்ணீர்மேல் மிதந்தபடி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. உருகிய ரப்பரின் எண்ணெய். சுந்தரம்மாள் ஓடினாள். குறுக்கே உட்கார்ந்து கையால் மண்ணைக் கூட்டி அணை கட்டினாள். சூடு உள்ளங்கையைப் பொசுக்கியது. அணையைச் சுற்றிக்கொண்டு அது போனது. அந்தப் பக்கம் கிணற்றுக்குக் கட்டுச்சுவர் இல்லை. தண்ணீரில் விழும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை.

முத்துச்சாமி திரும்பி வந்து கிணற்றை எட்டிப் பார்த்தான். “நான் நெருப்புத்தானப்பா வச்சேன். கெணத்துக்குள்ள எறக்குனது ஒன் வீட்டம்மா” என்றான்.

சோலைமலை அவனை ஒன்றும் கேட்கவில்லை. “ஒன்னைய யாரு தண்ணி ஊத்தச் சொன்னா?” என்று அவளைத்தான் கேட்டான். அவளிடம் பதில் இருந்தது. ஆனால் கிணற்றில் பங்குள்ள ஒச்சம்மாள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அக்கா வாயைத் திறந்து தன்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மூன்று நாள் கிணற்றை இறைத்துக் கொட்டினார்கள். ஒவ்வொரு விடியலிலும் நீர்மேல் புது எண்ணெய் ஆடை படர்ந்திருந்தது. மேட்டு மண் குடித்த எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. முத்துச்சாமி ஒரு கம்பி விடாமல் பொறுக்கிக்கொண்டு, எரியாத டயர்களோடு சாணார்பட்டிப் பக்கம் வேறு மேடு பார்த்துப் போனான்.

நாலாம் நாள் உச்சிவெயிலில் ஒச்சம்மாள் தன் மாடுகளைக் கிணற்றடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டி வந்தாள். மயிலைக்காளை குனிந்து மூக்கை நீட்டியது. நீரின் மேல் நீலமும் பச்சையும் நெளிந்தன. காளை மூச்சை ஊதிவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டது. ஒச்சம்மாள் அதன் கழுத்தைப் பிடித்து மறுபடி தாழ்த்தினாள். அது பின்னங்காலை மண்ணில் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, அசையாமல் நின்றது.