வேலி தாண்டிய பரங்கி

தன்யூபுப் பேராறு தான் நெடுவழி சுமந்து வந்த வண்டலையெல்லாம் நாணற்கழிகளில் இறக்கிவைத்துவிட்டு, சுமை தீர்ந்த ஆளைப் போலக் கைவீசிக் கருங்கடலுள் புகுகின்ற தென்புல்வெளியிலே, கூதிர்காலத்து ஞாயிறு ஒன்று மெல்லப் புலர்ந்துகொண்டிருந்தது. கொய்து முடித்த கொடிமுந்திரித் தோட்டங்கள் செவ்விலை உதிர்த்து ஓய்ந்திருக்க, கூரைதோறும் காயக் கட்டிய சோளக்கதிர்கள் இளவெயிலிற் பொன்போல் மின்ன, சேற்றுத் தெரு முழுவதையும் தமக்கே உரியதாகக் கருதிய வாத்துகள் நிமிர்ந்த கழுத்தோடு உலாப்போக, சுகோயார் என்னும் அச்சிற்றூரின் வெள்ளையடித்த வழிபாட்டு மனை, அறுவடை நன்றித் திருநாளுக்காகக் கதவு திறந்து காத்திருந்தது.

வாத்துகளுக்குப் பின்னே, அவற்றினும் நிமிர்ந்த கழுத்தோடு, ஒற்றைச் சக்கர வண்டியொன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார் எவ்லாம்பி. அவர் அத்திருக்கூட்டத்தின் ஒழுக்கக் காவலர். பெண்டிர் முக்காடு நெற்றியில் எவ்வளவு தாழ வேண்டும், ஓய்வுநாளில் கிணற்றுக்கயிற்றை எத்துணை மெல்ல இழுக்க வேண்டும், புன்னகை எவ்விடத்தில் முடிந்து பிழை எவ்விடத்தில் தொடங்குகிறது என்பனவற்றையெல்லாம் அளந்து வைத்திருந்த அப்பெரியார், பிறர் குறை காண்பதற்கென்றே இறைவன் தமக்கு இரு கண்களை அருளினான் என நம்பினார். தம் குறை காண மூன்றாவதொன்று வேண்டுமென்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. வண்டியிலே, துணி போர்த்தி, மணமகளைப் போல் வீற்றிருந்தது ஒரு பெரும் பரங்கிக்காய்.

ஆண்டுதோறும் நன்றிப் படையலின் உச்சியில் அமர்வது எவ்லாம்பியின் பரங்கியே. இவ்வாண்டோ, வேனிலின் நடுவே பெய்த ஆலங்கட்டி மழை அவர் தோட்டத்தைத் துவைத்துப் போட்டுவிட்டது. வேலியோரக் காஞ்சொறிப் புதரினுள் மட்டும் ஒரு காய் தப்பிப் பருத்து வந்தது. அதன் கொடியைப் பின்பற்றிச் சென்ற அவருடைய கூர்ங்கண், வேலி வரைக்கும் போயிற்று. வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏனோ மறுத்துத் திரும்பிவிட்டது. ‘என் மண்ணிலே கிடக்கிறது, என் மழையைக் குடித்தது’ என்று உள்ளத்துக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, ஒரு வைகறையிலே காம்பை அறுத்தார். அயலார் விளைவைத் தொட்டவன் ஆண்டு முழுதும் அப்பமும் கிண்ணமும் பகிரும் திருப்பந்திக்குப் புறத்தே இருக்கவேண்டும் என்ற விதியை, யாரோ ஒருவன் வெள்ளரிப்பிஞ்சு கடித்த நாளில் வகுத்தவரும் அவரே என்பதை அந்த வைகறை அவருக்கு நினைவூட்டவில்லை.

வேலிக்கு அப்பால் இருந்தது கோர்பினாவின் தோட்டம். கணவனை இழந்த அவ்வம்மை, இளவேனிலில் தன் ஒரே மகளின் திருமணத்தன்று மகிழ்ச்சி தாளாமல் எழுந்து மகளோடு கைகோத்து ஆடிவிட்டாள். ஆடல் எவ்லாம்பியின் விதிகளில் பெருங்குற்றம். ஆகவே அவளுக்குப் பின்வரிசை விசிப்பலகையும், அப்பமும் கிண்ணமும் இன்மையும், நன்றிப் படையலில் பொருள் வைக்க உரிமையின்மையும் தண்டமாயின.

“ஆடுனது தப்புன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடும்மா, முடிஞ்சுபோச்சு” என்றார் எவ்லாம்பி அன்று.

“மனசுல இல்லாததைச் சொல்லச் சொல்றீங்களே அண்ணே, பொய் சொன்னா அதுக்கு எத்தனை மாசம் வெளிய உக்காரணும்?” என்றாள் அவள்.

நிற்க. வழிபாட்டு மனையில் படையல் அடுக்கிய பெண்டிர், காவலரின் காயைக் கண்டு வியந்து, அடிப்புறத்துச் சேற்றை ஈரத்துணியால் துடைத்து, அழகிய பக்கம் அவையை நோக்குமாறு உச்சியில் ஏற்றினர். அதைத் திரும்பியும் பாராத எவ்லாம்பி மேடையேறி, உழைத்தவனுக்கே விளைவென்றும், ஒழுங்காய் நடந்தவன் கை ஒருநாளும் வெறுங்கையாவதில்லை என்றும், கேட்போர் கால் மரத்துப்போகும் அளவுக்கு முழங்கலானார். அவர் குரல் உச்சத்தை எட்டிய வேளையில், சாளர வெயில் பரங்கியின்மேல் விழ, பாடகர் வரிசையில் ஒருவர் மூக்கு வழியே சிரிப்பு வெடித்தது. பின் ஒரு வரிசை; பின் அவை முழுதும்.

திரும்பினார். பரங்கியின் செம்பொன் மேனியிலே, பிஞ்சில் ஊசியால் கீறிக் காயோடு வளர்ந்த வடுக்கோடுகளால், பருத்த பெண்ணொருத்தியும் மணமுடி சூடிய பெண்ணொருத்தியும் கைகோத்து, பாவாடை சுழல, ஒற்றைக்கால் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே சற்றே கோணலாய் ஒரு சிலுவை.

“எவ்லாம்பி, உன் பரங்கி ஆடுதேய்யா!” என்றார் ஆயர் மக்காரி.

“அப்போ அதையும் பின்பெஞ்சுல கொண்டுபோய் உக்கார வைங்க!” என்றான் பருத்த பாடகன் சில்வெஸ்டர்.

சிரிப்பு அடங்கியபோது, கண்களெல்லாம் பின்வரிசைக்குத் திரும்பின. யார் தோட்டத்துக் காய் அது என்பது இப்போது எல்லார்க்கும் தெரிந்துவிட்டது. அயலார் விளைவு பற்றிய விதியும் எல்லார்க்கும் தெரியும். ‘எவளோ வேலி ஏறி வந்து கீறிவிட்டாள்’ என்றொரு பொய் எவ்லாம்பியின் நாவின் நுனியில் வந்து நின்றது. இத்தனை ஆண்டு கட்டிக்காத்த பெயர் அந்த ஒரு சொல்லில் தொங்கிற்று. அதற்குள் பின்வரிசையில் கோர்பினா எழுந்தாள்.

“ஐயா, கொடி எங்க கொடிதான். மகளுக்கு நல்ல வாழ்க்கை அமைஞ்சதுக்கு ஆண்டவருக்கு நன்றின்னு நான்தான் கீறி விட்டேன். கொடி அது பாட்டுக்கு வேலி தாண்டிப் போயிருந்துச்சு, இடுக்குல கைவிட்டுத்தான் கீறினேன். அண்ணன் தோட்டம் ஆலங்கட்டியில அழிஞ்சுபோச்சு, அவருக்கும் ஒண்ணு வேணும்தானே? நான் கொண்டாந்திருந்தா இங்க வைக்க விட்டிருக்க மாட்டீங்க. அவர் கையால வந்து உச்சியிலேயே உக்காந்திருக்கு. எனக்கு இதைவிட என்ன வேணும்? அவர்மேல குத்தம் சொல்லாதீங்க.”

தப்பிக்க வழி திறந்துவிட்டது. அவ்வழியே நழுவிவிடலாம் என்றுதான் எவ்லாம்பி முதலில் நினைத்தார். ஆனால் கசையடி வாங்கியும் வளையாதிருக்கக்கூடிய அக்கழுத்து, அன்பின் ஒரு தொடுகையில், நீர் வார்த்த களிமண்ணைப் போலக் குழைந்து தாழ்ந்தது.

“இல்ல... கொடி எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அறுத்தேன்” என்றார். அவர் குரலை அவரே அடையாளம் காணவில்லை. மேடையிலிருந்து இறங்கி, அவை நடுவே நடந்து, பின்வரிசைக்கு வந்து நின்றார். “கொஞ்சம் நகந்துக்கோம்மா.”

“நகர வேண்டியதே இல்லண்ணே. நீங்க அனுப்பி வெச்சவங்கெல்லாம் கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. எடம் நிறைய கெடக்கு.”

முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசைக்கு முன்னரே நின்றுவிடுவது அப்பமும் கிண்ணமும் செல்லும் வழக்கமாய் இருந்தது. அன்று மக்காரி அவற்றை ஏந்திக்கொண்டு நேரே பின்வரிசைக்கு நடந்தார். சில்வெஸ்டர் திகைத்து, “ஐயா, விதிப்படி...” என்று தொடங்கினான்.

“விதிப்படி இவங்களுக்குக் குடுக்கக் கூடாதுதான்டா. விதிப்படி பாத்தா எனக்கும் கூடாது. எனக்கு எப்படிக் கெடைச்சுதுன்னு நெனச்சுப் பாத்தேன்... புடிங்க ரெண்டு பேரும்.”

 இத்தனை ஆண்டும் அந்த அப்பத்தை எவ்லாம்பி உழைப்புக்குரிய கூலியைப் போல நீட்டி வாங்கியிருந்தார். அன்றுதான் பசித்தவன் வாங்குவதைப் போல இரு கையேந்தி வாங்கினார். அது இனித்தது என்று பின்னாளில் அவர் சொன்னார். எப்போதும் அதே அடுப்பில் சுட்ட அதே அப்பம்தான் என்று சுட்டவள் சொன்னாள்.

உச்சிவேளையில் அப்பரங்கி வெட்டப்பட்டு, தினையும் பாலும் சேர்ந்து பெருங்கொப்பரையில் குழைந்து, ஊரார் எல்லார் கிண்ணத்திலும் நிறைந்தது. அழைக்கப்பட்டவர், அழைக்கப்படாதவர், கோவித்துக்கொண்டு வீட்டில் இருந்தவர் யாவரும் வந்து உண்டனர். விதைகளை ஆளுக்கொரு பிடி மடியில் முடிந்து சென்றனர்.

அடுத்த இளவேனிலில் எவ்லாம்பி தம் வேலியைப் பழுது பார்த்தார். ஒழுங்கு பிறழாத மனிதர் அல்லரோ! பலகைதோறும் ஆணியடித்து, நேர்நிறுத்தி, வெள்ளை பூசி, காஞ்சொறிப் புதர் இருந்த மூலையில் மட்டும் ஒரு பலகையைத் தம் கையாலேயே கழற்றி வைத்தார். வேனில் வந்தது, மழை நல்லார் தீயார் பாராது இரு தோட்டத்திலும் பெய்தது, அந்த இடைவெளியில் பசுங்கொடியொன்று தலைநீட்டிற்று. எவ்லாம்பி அதன் அருகே குந்தி, அது எங்கிருந்து வருகிறதென்று இம்முறை கண்குளிரப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.