ஒற்றைக் கண்மலர்

என் இடது கண் போன கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது ஒன்றுதான். "வண்டிய நீங்களா ஓட்டுனீங்க?"

ஆமாம், நான்தான் ஓட்டினேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறேன். என் புருஷன் ஹரிஷ்குமாருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக் கொடுத்ததே நான்தான். அதைச் சொன்னால் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு வாடிப்பட்டியில் இரண்டு கடைகளுக்குச் சேலை கொடுத்துவிட்டு, வில்லாபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஆடுகள் குறுக்கே வந்தன. முன்னால் போன ஷேர் ஆட்டோ நின்றது. நானும் பிரேக் போட்டேன். கொஞ்சம் பத்தாமல் போய் அதன் பின்னால் முட்டினேன். ஆட்டோவின் தகரம் லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். ஆனால் என் ஸ்டியரிங்கிலிருந்து பட்டாசுச் சத்தம், பட்டாசு நாற்றம், முகமெல்லாம் நெருப்பு. சண்டை போட இறங்கி வந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்ததும் "ஆத்தாடி!" என்று அலறி, அதே ஆட்டோவில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். இந்தக் கதையிலேயே புத்தியோடு நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்த ஏர்பேக் அது. அதற்குக் காற்றடிக்கும் உலோகக் குப்பி உள்ளேயே சிதறி, அதில் ஒரு சில்லு துணியைக் கிழித்துக்கொண்டு என் கண்ணில் இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் மூளை என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்து எடுத்த சில்லை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வீட்டாரிடம் கொடுத்தார்கள். போலீசுக்குப் போயிருக்க வேண்டியது. "கேஸெல்லாம் வேணாம்" என்று ஹரிஷ் பெருந்தன்மையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

அதோடு விட்டாரா? நான் ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டுப் புது ஸ்டியரிங், புது ஏர்பேக் எல்லாம் மாட்டி, பாலிஷும் போட்டுக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"பழசு எங்க?" என்று கேட்டேன்.

"அத எதுக்கு வசு? அவங்களே கம்பெனிக்கு அனுப்பிட்டாங்களாம்."

எனக்கு வந்த கோபத்துக்குத் தையல் பிரிந்திருக்க வேண்டும். பிரியவில்லை. டாக்டர் நன்றாகத் தைத்திருந்தார்.

வக்கீல் ருமானா என்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"யா அல்லா, வண்டியத் தொடாம அப்படியே நிறுத்தி வச்சிருக்கணும்டி. அதுதான் சாட்சியே. சரி, போனது போச்சு. நுகர்வோர் ஆணையத்துல போடுவோம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், அதுக்கு இன்னும் நாள் கெடக்கு. செஞ்சவன், வித்தவன், சர்வீஸ் பண்ணவன், மூணு பேரையும் சேத்துக்கலாம்."

சர்வீஸ் பண்ணவன் பெயரைக் கேட்டதும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாடல் கார்களுக்கு ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி முன்பே அறிவித்திருந்தது. நானும் கேட்டேன். "பார்ட் வரல மேடம், அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்றான் கவுண்டரில் இருந்தவன். ஏதோ வைப்பர் ரப்பர் மாற்றுகிற மாதிரி.

கம்பெனிக்கு ருமானா நோட்டீஸ் அனுப்பினாள். பதில் வந்தது. ஏர்பேக் முறையாகவே வேலை செய்ததாம். டேஷ்போர்டில் ஒட்டிவைத்திருந்த சாமி சிலை போன்ற கடினமான பொருள் தெறித்துத்தான் காயம் பட்டிருக்க வேண்டுமாம். எங்கள் பிள்ளையார் இன்றைக்கும் அதே டேஷ்போர்டில், ஒட்டின பசைகூட விடாமல், தும்பிக்கை நுனி உடையாமல் உட்கார்ந்திருக்கிறார். எவனோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு அவர் மேல் பழி போடுகிறான்.

"கத்தாத. ஸ்கேன்ல என்ன எழுதியிருக்கு? 'அந்நியப் பொருள்'னு மட்டும்தான் இருக்கு. அது எதுலருந்து வந்துச்சுன்னு இல்ல. அந்தச் சில்லு எங்க? அத லேப்ல குடுத்தா எந்த உலோகம், எதோட துண்டுன்னு சொல்லிருவாங்க. இப்ப நம்மகிட்ட இருக்கது அது ஒண்ணுதான். அது இல்லேன்னா கேஸே இல்ல, பாத்துக்க" என்றாள் ருமானா.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். டப்பா இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

சமையல்கட்டில் என் மாமியார் ஹம்சவேணி புளி கரைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். இங்கே தமிழில் சொல்கிறேன்.

"அத்தை, இதுல இருந்த இரும்புத் துண்டு எங்க?"

"அத அம்மனுக்குப் போட்டாச்சே" என்றார், கரைப்பதை நிறுத்தாமல்.

பேரையூரைத் தாண்டி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. கண்ணில் ஏதாவது வந்தால் அந்தப் பக்கத்துச் சனங்கள் அங்கே வேண்டிக்கொண்டு, சரியானதும் வெள்ளியில் கண் வாங்கி உண்டியலில் போடுவார்கள். கண்மலர் என்று பெயர். வாசல் கடையில் ஜோடியாக விற்கும். மாமியாரும் எனக்காக வேண்டிக்கொண்டு, போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கூடவே என்னைக் குத்தின இரும்பையும் மஞ்சள் துணியில் முடிந்து போட்டிருக்கிறார். அது வீட்டில் இருந்தால் ஆகாதாம்.

"கண்ணுதான் வரலையே! வராத கண்ணுக்கு எதுக்கு நேர்த்திக்கடன்?"

அவர் புளியை இன்னும் அழுத்திப் பிழிந்தார். எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. புருஷன் ஸ்டியரிங்கைத் தொலைத்தார், மாமியார் சில்லைத் தொலைத்தார். கம்பெனிக்குத் தனியாக வக்கீல் எதற்கு? என் வீட்டாரே போதும்.

கோயிலுக்குப் போனேன். செயல் அலுவலர் வெள்ளைத்துரை மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் தலையை ஆட்டவில்லை.

"உண்டியல்ல விழுந்துட்டா அது அம்மனோட சொத்தும்மா. மோதிரம் தவறி விழுந்துருச்சுன்னு அழுதுக்கிட்டு வருவாங்க. அவுங்களுக்கே குடுக்க முடியாது."

"மோதிரமா சார் கேக்குறேன்? இரும்புச் சில்லு. பழைய இரும்புக் கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்."

"அப்படியா? அப்ப அது கணக்குல வராது. எண்ணி முடிச்சதும் ஆணி, வாஷரு, செல்லாத காசெல்லாம் ஓரங்கட்டி அள்ளிக் கொட்டிருவாங்க."

மதிப்புள்ளதென்றால் அம்மனுக்கு, மதிப்பில்லாததென்றால் குப்பைக்கு. எனக்கு மட்டும் எந்த வழியிலும் கிடையாது. டீ டம்ளரை நான் வைத்த வேகத்தில் அவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "உண்டியல் தெறக்கயில வாங்க. பக்தர்கதான் உக்காந்து எண்ணுவாங்க, நீங்களும் எண்ணலாம். ஆனா எடுத்துட்டுப் போகலாம்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றார்.

அந்த நாளில் போனேன். மாமியாரும் கிளம்பினார். வர வேண்டாம் என்றேன். காதில் விழாத மாதிரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மண்டபத்தில் நீளமாக விரிப்புப் போட்டு, உண்டியலைக் கவிழ்த்தார்கள். மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து பிரித்தோம். நோட்டு ஒரு பக்கம், காசு ஒரு பக்கம், வெள்ளி ஒரு பக்கம். வெள்ளிக் குவியல் என் முன்னால் வந்தது. அத்தனையும் கண்கள். ஜோடி ஜோடியாக, இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. ஒற்றைக் கண்ணால் அத்தனை கண்ணையும் பொறுக்கிப் போட்டேன். யாரோ ஒருத்தி எனக்குக் கேட்கிற மாதிரியே "பாவம், அந்தக்கா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

மஞ்சள் துணி முடிச்சு அகப்பட்டது. அவிழ்த்தேன். கறுத்துப்போன சில்லு. ஓரம் இன்னும் கூராகத்தான் இருந்தது. கூடவே ஒரு கண்மலர். ஜோடி இல்லை. ஒன்றுதான்.

வெள்ளைத்துரை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "இன்னொண்ணு எங்க? கீழ விழுந்துருச்சா, பாருங்க. ஜோடியாத்தான் இருக்கும்."

"விழல சார்." மாமியார் விரிப்பின் ஓரத்தில் எழுந்து நின்றிருந்தார். "நான் ஒண்ணுதான் போட்டேன். ஜோடியா வாங்கி, வெட்டி, ஒண்ணப் போட்டேன்."

"அப்படி யாரும் போட மாட்டாங்களேம்மா. கண்ணு சரியாகணும்னுதான வேண்டுவாக?"

"நான் கண்ணுக்கு வேண்டல." மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மேலே கேமராவைப் பார்த்துத்தான் பேசினார். "இவ பேச்சு மூச்சில்லாமக் கெடந்தா. டாக்டரு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. நான் அம்மன்கிட்டச் சொன்னேன். ஒனக்கு ஏதாச்சும் வேணும்னா அந்தக் கண்ண எடுத்துக்க, உசுர விட்டுருன்னேன். அவ கேட்டா. எடுத்துக்கிட்டா, விட்டுட்டா. பேசுனபடி குடுத்துட்டேன்."

மாமியார் வெள்ளைத்துரை பக்கம் திரும்பினார்.

"ஆனா சார், இந்த இரும்ப நான் போட்டது தப்பு. பேச்சுல இது இல்ல. இது எம் மருமக ரெத்தம் பட்ட சாமான், சாமிக்கு ஆகாது. இது காருக்குள்ளருந்து வந்துச்சு. டாக்டரு இவ கண்ணுலருந்து எடுத்து எங்கையிலதான் குடுத்தாரு. நான்தான் போட்டேன். எங்க வேணாலும் வந்து சொல்லுறேன்."

வெள்ளைத்துரை சில்லை ஒரு கவரில் போடச் சொன்னார். அதன் மேல் விவரம் எழுதி, அரக்கு வைத்து, மண்டபத்தில் இருந்த பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கினார். "உங்க கையில தர எனக்கு அதிகாரம் இல்லம்மா. ஆணையத்துலருந்து ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க, நானே கொண்டாந்து ஒப்படைக்கிறேன். அதுவரைக்கும் பெட்டகத்துல இருக்கட்டும்" என்றார்.

ருமானாவுக்குப் போன் போட்டேன். அவள் சந்தோஷத்தில் கத்தினாள். "இதவிட வேற என்னடி வேணும்? சர்க்கார் ஆளு சீல் வச்சது, வீடியோ வேற இருக்கு. இனி நீ எங்கருந்தோ பொறுக்கிட்டு வந்தேன்னு எவனும் சொல்ல முடியாது. ஒங்க அத்தைய முதல் சாட்சியாப் போடுறேன்."

நான் போனை வைத்துவிட்டேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் பொங்கிக்கொண்டு வந்தது.

"என் கண்ண விலை பேச நீங்க யாரு? என்னைக் கேட்டீங்களா? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

மாமியார் சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது எப்போதும் மாட்ட வராது.

"எங்கருந்து கேக்குறது? நீதான் கண்ணே தெறக்கலையே."

"அதுக்கு? ரெண்டு கண்ணையும் சேத்து உசுரையும் கேட்டிருக்கலாமில்ல? கேக்குறதுல என்ன கஞ்சத்தனம்?"

"பயந்துட்டேன்டி" என்றார். "நெறைய கேட்டா ஒண்ணும் தர மாட்டாளோன்னு பயந்துட்டேன்."

நான் இன்னும் கத்தினேன். கம்பெனிக்காரனை, சர்வீஸ்காரனை, ஹரிஷை, அந்த ஆடுகளை, அம்மனை, எல்லோரையும் திட்டினேன். போன கண்ணிலிருந்தும் தண்ணீர் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது.

மாமியார் தன் முந்தானையால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் துடைத்தார். "கத்து" என்றார். "உசுரோட இருக்கவதான கத்துவா. நல்லாக் கத்து."

அவருடைய பெல்ட்டை மாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.