அடுப்புக்கடியில் கூவியது

புனித வாரத்துத் திங்கட்கிழமை மத்தியானம், லிப்ராதாவின் அடுப்பை உடைப்பதென்று இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒருவன் அவள் புருஷன் ரொசெந்தோ. மற்றவன் சிந்துல்ஃபோ, அவர்களுடைய மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன். அந்த முறையில் அவனும் ரொசெந்தோவும் ஒருவருக்கொருவர் கும்பாதிரி, லிப்ராதா அவனுக்குக் கும்மாதிரி. அந்த உறவை வைத்துக்கொண்டு நினைத்த நேரத்தில் வீட்டுக்கு வரவும், கேட்காமலே யோசனை சொல்லவும் உரிமை பெற்றவன். அடுப்புக்குச் சொந்தக்காரியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை அவள் சிப்பா ரொட்டி சுட வேண்டும். மரவள்ளி மாவு, பாலாடைக்கட்டி, சோம்பு எல்லாம் வாங்கியாயிற்று. அசுன்சியோனிலிருந்து இரண்டு பெண்களும் வருகிறார்கள், புவனோஸ் அய்ரஸிலிருந்து மகனும் வருகிறான். பெரிய வெள்ளியன்று எங்கள் பக்கத்தில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டோம், புதனன்று சுட்ட சிப்பாவைத்தான் தின்போம். சொந்த அடுப்பு இல்லாதவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். லிப்ராதா தன் கையால் மண் குழைத்துக் கட்டிய அடுப்பு அது. இருபத்தாறு வருஷமாக மற்றவர்கள்தான் அவள் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

எல்லாம் அந்த மெட்டல் டிடெக்டர் செய்த வேலை. ஆளுக்கொரு கன்றுக்குட்டியை விற்று இரண்டு பேரும் வாங்கி வந்தார்கள். பாட்டன் பூட்டன் காலத்துப் பெரிய யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் புதைத்துவிட்டுப் போன தங்கம் எங்கள் பக்கத்தில் எல்லார் கொல்லையிலும் இருக்கிறது. எடுத்தவனைத்தான் இன்னும் யாரும் பார்த்ததில்லை. விற்றவன், தங்கத்தைக் கண்டால் மெஷின் கூவும் என்று சொல்லியிருந்தான். பொய் சொல்லவில்லை, கூவத்தான் செய்தது. குதிரை லாடத்துக்கும், மீன் டப்பாவுக்கும், சைக்கிள் செயினுக்கும் அதே உற்சாகத்தோடு கூவியது. ஒரு வாரத்தில் கொல்லையில் பதினோரு குழி. கோழிகள் நடக்கப் பயந்தன.

கடைசியில் அடுப்புப் பக்கம் போனபோது மெஷின் அதுவரை கூவாத கூவல் கூவியது. அடுப்பைக் கட்டியது லிப்ராதாவாக இருந்தாலும், அது உட்கார்ந்திருக்கும் கல் பீடம் அவளுக்கு முன்பே அங்கே கிடந்தது.

"இங்கதான்யா இருக்கு" என்று ரொசெந்தோ கத்தினான். காதில் ஹெட்போன் இருந்ததால் அவன் ஒரு வாரமாக ரகசியத்தையும் கத்தித்தான் பேசினான்.

"யோசிச்சுப் பாருங்க கும்மாதிரி" என்றான் சிந்துல்ஃபோ. "தங்கத்த ஒளிக்கிறவன் எங்க ஒளிப்பான்? யாரும் கைவைக்காத எடத்துல. அடுப்புப் பீடத்த எவனாவது உடைப்பானா?"

"நீங்க உடைக்கப் போறீங்களே."

"அதான் நம்ம மூளை."

லிப்ராதா குரலை உயர்த்தவில்லை. "இத்தனை குழி தோண்டினீங்களே, ஒண்ணுலயாவது சாமான் நடுவுல கிடைச்சுதா? கிடைச்சதெல்லாம் குழிச் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மெஷின எங்கிட்ட குடுங்க. எடத்த நான் சரியா சொல்றேன். அடுப்புக்கு நேர் கீழதான்னா நானே கடப்பாரையத் தூக்குறேன்."

"இது என்ன மாவு பிசையறதுன்னு நெனச்சியா?" என்றான் ரொசெந்தோ. சிந்துல்ஃபோ சிரித்தான். சிரித்தாலும் கொடுத்துவிட்டார்கள், சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது.

சாப்பிட்டுவிட்டு அவர்கள் ஊஞ்சல் துணியில் குறட்டை விட்டபோது லிப்ராதா முற்றத்து மணலில் ஒரு காசைப் போட்டு, மெஷினின் வட்டத் தட்டை அதன் மேல் மெல்ல வீசிப் பார்த்தாள். தட்டின் ஓரம் பட்டதுமே கூவ ஆரம்பித்தது. தட்டின் நடு வந்தபோது கூவல் உச்சத்துக்குப் போனது. தாண்டியதும் அடங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் சத்தம் கேட்டதுமே மண்வெட்டியைப் போடுகிறவன் ரொசெந்தோ. கல்யாணத்துக்கு அவளைக் கேட்டதும் அப்படித்தான்.

அதோடு விடவில்லை அவள். இடமும் வலமுமாக வீசினால் ஒரு கோடுதான் தெரிகிறது. அந்தக் கோட்டில் எங்கே என்று தெரியவில்லை. அதனால் குதிகாலால் மணலில் கோட்டை இழுத்துவிட்டு, குறுக்கே போய் நின்று மறுபடி வீசினாள். இரண்டாவது கோடு முதல் கோட்டை வெட்டிய இடத்தில் மரக்கரண்டியால் கிளறினாள். காசு அங்கே இருந்தது. பிறகு சிந்துல்ஃபோ குடித்துப் போட்ட பீர் பாட்டில் மூடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு வீசியெறிந்து, மேலே மணலைத் தள்ளித் தேடினாள். முதல் நாலு தப்பின. ஐந்தாவதிலிருந்து ஒன்றும் தப்பவில்லை. பெரிய சாமானாக இருந்தால் தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் சத்தம் சுருங்கி ஒரே இடத்துக்கு வருகிறது என்பதையும், ஒரு பழைய மண்வெட்டியைப் புதைத்து, தானே கண்டுபிடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் எதிரில் செய்து காட்டினாள். ரொசெந்தோவுக்கு ரோஷம் வந்து மெஷினைப் பிடுங்கி வீசினான். ஒவ்வொரு வீச்சும் இடதுபக்கம் முடிகிறபோது அது கூவியது.

"பாத்தியா, இங்கயும் இருக்கு."

"அது உன் பூட்ஸுய்யா. முனையில இரும்பு வச்சிருக்கே."

ரொசெந்தோ காலைப் பார்த்தான். காலை நகர்த்தி வைத்து வீசினான். தங்கமும் கூடவே நகர்ந்தது.

"ஒண்ணுமே கிடைக்காத குழி நாலு இருக்குல்ல?" என்றாள் லிப்ராதா. "அது உன் காலுக்காகத் தோண்டினது."

சிந்துல்ஃபோ குளிர்ந்த தெரெரே மூலிகை டீயை உறிஞ்சியபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவன் போட்டிருந்ததும் அதே பூட்ஸ்தான்.

அடுப்பின் தகரக் கதவு, கரி இழுக்கும் கம்பி எல்லாவற்றையும் வேலி வரைக்கும் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். வெறுங்காலோடு பீடத்தைச் சுற்றி வந்தாள். தங்கத்தை அவள் நினைக்கவே இல்லை. அடுப்பின் நடுவயிற்றுக்கு நேராக அது கூவிவிட்டால் என்ன செய்வது? வாக்குக் கொடுத்துவிட்டாள். முன்பக்கம் முனகியது. பக்கவாட்டில் கொஞ்சம் ஏறியது. பின்பக்கம் அறுக்கப் பிடித்த கோழி மாதிரிக் கத்தியது. தட்டை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினாள், ஒரு கோடு போட்டாள், திரும்பி நின்று இன்னொன்று போட்டாள். பீடத்தின் பின் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு சாண். அவ்வளவுதான். அடுப்பு அதற்கு இரண்டு முழம் முன்னால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"கடப்பாரை வேண்டாம்" என்றாள். "பின்னாலருந்து சாய்வா தோண்டுங்க. சின்னக் கரணையால. அடுப்புக்கே தெரியக் கூடாது."

ஒரு மணி நேரத்தில் சிந்துல்ஃபோவின் கை தோள்வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது வந்தது மூடி போட்ட இரும்புப் பானை. ரொசெந்தோ சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தான்.

பானை நிறையக் கரி.

வேறு ஊர்க்காரனாக இருந்தால், பீடம் கட்டிய எவனோ கரிப்பானையை மறந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்திருப்பான். எங்கள் ஊரில் அப்படி நினைக்கிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். பேராசைக்காரன் பக்கத்தில் இருந்தால் புதையல் கரியாகிவிடும், இது ஊரறிந்த விஷயம். ஆகவே அங்கே இருந்த ஒரே கேள்வி, யாருடைய பேராசை என்பதுதான்.

"நான் பங்கு பிரிக்கறதுக்கு முன்னால ஒரு கை அள்ளி இடுப்புல சொருகலாம்னு இருந்தேன்" என்று சிந்துல்ஃபோ தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். "ஒரு கைதான்."

"நான் உனக்குப் பாதி எதுக்கு, கால் குடுத்தா போதாதான்னு நெனச்சேன், கும்பாதிரி."

எது பெரிய பாவம் என்று இருவரும் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்கள். ஒரு பானைத் தங்கம் கரியாவதற்கு இரண்டும் சேர்ந்தும் போதாது என்று பட்டது. பிறகு இருவரும் லிப்ராதாவைப் பார்த்தார்கள்.

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது.

"ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாள். "தங்கம் கிடைச்சா இன்னும் கிடைக்கும்னு வீட்டையே பேத்துடுவீங்க. முதல்ல அடுப்பு போகும். அதனால கரியா இருந்துட்டுப் போகட்டும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

சிந்துல்ஃபோ ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"அவ்வளவு தங்கத்தையுமா?" என்று கேட்டான் ரொசெந்தோ. ஒரு வாரத்தில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினான்.

"அவ்வளவையும்."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவனோ அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஏதோ புதிதாகப் பார்ப்பவன் போல அதன் மேல் கையை வைத்தான். பிறகு போய்க் குழிகளை மூட ஆரம்பித்தான்.

புதன்கிழமை விறகோடு அந்தக் கரியையும் அள்ளி லிப்ராதா அடுப்பில் போட்டாள். நன்றாகவே எரிந்தது. ஒவ்வொரு துண்டும் சிவந்தபோது ரொசெந்தோ பெருமூச்சு விட்டான். அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முதலில் வெந்த பெரிய சிப்பாவை அவன் கையில்தான் கொடுத்தாள்.

"இந்த வருஷம் சிப்பா தனி ருசிம்மா" என்றாள் அசுன்சியோனிலிருந்து வந்த மூத்தவள்.

"இருக்காதா பின்ன" என்றான் ரொசெந்தோ, வாய் நிறைய மென்றுகொண்டே. "ஒரு பானைத் தங்கத்த எரிச்சிருக்கா உங்கம்மா."