குறைத்த இரண்டு லிட்டர்

எனக்கு யாரும் வேலை சொல்லித் தரக் கூடாது. அது என் குணம். முப்பது வருஷமாகப் பந்தயக் கார் எஞ்சின்களோடு மாரடிக்கிறவன் நான். இந்த வருஷம் பெட்ரோல் கிடையாது, எல்லா வண்டியும் எத்தனாலில்தான் ஓட வேண்டும் என்று விதி வந்தபோது வாய்க்கு வந்தபடி திட்டினேன். சோளத்தட்டையையும் கரும்புச் சக்கையையும் புளிக்க வைத்துக் காய்ச்சி எடுத்த சரக்கு. விளைகிற பொருளிலிருந்து வருவது, தீர்ந்துபோகாது, காற்றுக்கும் நல்லது என்றார்கள். இருக்கட்டுமே. பட்டறைக்குள் நுழைந்தாலே சாராயக்கடை வாசனை. வண்டி குடிக்கிறது, நீங்கள் தள்ளாடுகிறீர்கள் என்று என் மனைவி கேலி செய்தாள்.

எரிபொருள் கம்பெனி ஒரு ஆளை அனுப்பியிருந்தது. டீ கூடக் குடிக்காத மனுஷன். நாங்கள் வைத்த பெயர் சாராயம். பெட்ரோல் குடித்த அளவைவிட எஞ்சின் இதை ஒன்றரை மடங்கு குடிக்கும், வெயிலில் விரட்டி ஓட்டினால் இன்னும் கூடக் குடிக்கும் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். பந்தயம் முடிந்ததும் டாங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்துச் சோதிப்பார்கள். எவனாவது வேறு எதையாவது கலந்திருக்கிறானா என்று பார்க்க. அந்த ஒரு லிட்டர் வராவிட்டால், முதலாவதாக வந்தாலும் வந்தது செல்லாது. அதனால் கடைசிப் பந்தயத்துக்கு இருபத்தாறு லிட்டர் ஊற்றச் சொன்னார்.

வண்டி ஓட்டுவது என் தங்கச்சி. வாரம் முழுக்க ரொட்டிக் கம்பெனி வேன், ஞாயிற்றுக்கிழமை பந்தயம். இந்தக் கடைசிப் பந்தயத்தில் ஜெயிக்கிறவரை ஒரு பெரிய அணி அடுத்த வருஷம் தன் வண்டியில் உட்கார வைக்கப் போகிறது. வயது முப்பதுக்குள் இருக்க வேண்டும். இவளுக்கு முப்பது முடிய இரண்டே மாதம். இது போனால் போனதுதான், பிறகு சாகிற வரைக்கும் ரொட்டி வேன்தான். இதற்கு முந்தின பந்தயத்தில் கண் இமைக்கிற நேர வித்தியாசத்தில் தோற்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்த எனக்கு வயிறு எரிந்தது.

அதனால் கணக்குப் போட்டேன். சுற்றுக்கு ஒன்றரை லிட்டர். பதினைந்து சுற்றுக்கு இருபத்திரண்டரை. முடிந்ததும் மெதுவாகத் திரும்பி வர ஒரு சுற்று, அதற்கு அரை லிட்டர். சோதனைக்கு ஒன்று. மொத்தம் இருபத்திநாலு. கச்சிதம். சாராயம் சொல்கிற மீதி இரண்டு லிட்டர் எதற்கு? ஒன்றரை கிலோ வெட்டிச் சுமை. எஞ்சின் என்னுடையது, எனக்குத் தெரியாதா?

வண்டியில் ஏறும்போது தங்கச்சி கேட்டாள். "இருபத்தாறு ஊத்திட்டியாண்ணா?"

"ஊத்திட்டேன், ஏறு" என்றேன்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. நான்காவது சுற்றில் முன்னால் போனவள் பிறகு யாருக்கும் வழி விடவே இல்லை. நல்ல வெயில். எஞ்சினைக் கதறக் கதற விரட்டினாள். நாலு நொடி வித்தியாசத்தில் ஜெயித்தாள். நான் சத்தம் போட்டு அழுதேன், அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம். திரும்பி வருகிற சுற்றில் அவள் உள்ளே வரவேண்டிய திருப்பத்தில் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எல்லாருக்கும் ஆட்டிக்கொண்டே இன்னொரு சுற்று போனாள். டாங்கில் என்ன மிஞ்சும் என்று நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

பரிசோதகர் குழாயைச் செருகினார். பம்ப் ஓடியது. அளவுக் குப்பியில் முந்நூறு மில்லி ஏறியது, அப்புறம் வெறும் காற்று. வண்டியைச் சாய்த்துப் பார்த்தார், இன்னொரு முறை ஓடவிட்டார். நல்ல மனிதர்தான். அவருக்கே முகம் வாடிவிட்டது. "விதிம்மா, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார். இரண்டாவதாக வந்தவனை மேடைக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கி கூப்பிட்டது.

சாராயம் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போய்விட்டார்.

எனக்கும் கணக்குத் தெரியும். மெதுவாகக் கை காட்டிப் போன அந்தச் சுற்று குடித்தது நானூறு மில்லிதான். அவள் ஒழுங்காக உள்ளே வந்திருந்தாலும் எழுநூறுதான் வந்திருக்கும். இருபத்தாறு ஊற்றியிருந்தால், அவள் கை காட்டிக்கொண்டே ஊரைச் சுற்றி வந்தாலும் இரண்டு லிட்டருக்கு மேல் மிஞ்சியிருக்கும். அந்த ஒன்றரை கிலோவைக் குறைத்ததில் மொத்தப் பந்தயத்துக்கும் அரை நொடி மிச்சமாகியிருக்கும். அவள் ஜெயித்தது நாலு நொடியில்.

பட்டறைக்குள் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தாண்ணா கெடுத்தேன். பேசாம உள்ள வந்திருக்கலாம். கூட ஒரு சுத்து சுத்தப் போய்... நீ வருஷம் பூரா பட்ட கஷ்டத்தை எல்லாம் கை காட்டியே அழிச்சிட்டேன்."

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். இவள் இனி ஒவ்வொரு நாளும் வேனில் ஏறும்போது அந்தச் சுற்றை நினைப்பாள், தன் சந்தோஷத்தையே சபிப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் என் மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கையை இழக்க எனக்கு மனசு வரவில்லை. நான் கோழை, வேறென்ன.

"விடும்மா. ஜெயிச்ச சந்தோஷத்துல யாரா இருந்தாலும் பண்றதுதான்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை மன்னிச்சிட்டியா என்று கேட்டாள்.

மன்னித்துவிட்டேன் என்றேன்.