ஏழாம் நம்பர் பம்பின் ஆறாவது துளை

சீனாவின் லோயாங் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாண்டு இயந்திரப் பிரிவுக்கு ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் வேறு வேலையே கிடையாது. ஐந்து பேருக்கு ஒரு எண்ணெய்ப் பம்பைக் கொடுப்பார்கள். கழற்ற வேண்டும், அளக்க வேண்டும், வரைய வேண்டும், மறுபடி மாட்டிவைக்க வேண்டும். அந்தப் பம்புகள் எண்ணெயைக் கண்ணால் பார்த்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கழற்றப்படுவதற்காகவே காலம் தள்ளுகின்றன.

மெங் ஷியாஹெ இருந்த கோஷ்டிக்கு ஏழாம் நம்பர் பம்ப் வந்தது. வரைபட வகுப்பில் ஷியாஹெ கடைசி. அந்த இடத்துக்கு அவளோடு போட்டிபோட யாரும் இல்லை. மற்றவர்களுக்குப் படத்தைப் பார்த்ததும் பொருள் மனதில் எழுந்து நிற்கும். மேலிருந்து எப்படி, பக்கத்திலிருந்து எப்படி என்று திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். இவளுக்குக் கோடு கோடாகவே கிடக்கும். பொருளைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால்தான் ஏதோ கொஞ்சம் பிடிபடும். ஆசிரியர் பெய் மார்ச் மாதமே சொல்லிவிட்டார்.

"உனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இல்லாததைப் பாக்கத்தான் வராது. அது வராம இந்தப் படிப்பு எதுக்கும்மா?"

இந்த வேலையில் அறுபது மதிப்பெண் வாங்காதவர்களை ஓட்டல் நிர்வாகப் பிரிவுக்கு மாற்றிவிடுவது கல்லூரி வழக்கம். அங்கே ஒரே கையில் மூன்று தட்டு ஏந்தச் சொல்லிக்கொடுப்பார்கள். ஷியாஹெ ஏழு வயதிலிருந்து அம்மாவின் மாட்டிறைச்சி சூப்புக் கடையில், விடியற்காலை ஐந்து மணிக்குக் கொதிக்கக் கொதிக்கக் கிண்ணம் சுமந்தவள். இனிமேல் ஆயுசுக்கும் யாருக்கும் கிண்ணம் தூக்குவதில்லை என்றுதான் இயந்திரம் படிக்க வந்திருந்தாள். ஆகவே அந்த அறுபது அவளுக்கு உயிர்.

கோஷ்டியின் மற்ற நால்வரும் பம்பைத் தொடவில்லை. யுவே பெங் என்பவன் போன வருஷத்து மாணவனிடமிருந்து ஏழாம் நம்பர் பம்பின் படத்தை வாங்கிவந்திருந்தான். போன வருஷத்தவன் அதற்கு முந்தைய வருஷத்தவனிடம் வாங்கியது. நால்வரும் அதைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, கீழே விளக்கைப் போட்டு, நிம்மதியாக வரைந்தார்கள். ஷியாஹெக்கு அந்தச் சுகமும் கிடைக்கவில்லை. காப்பியடிப்பதற்கும் கொஞ்சம் புரிய வேண்டும். அவள் பம்பைக் கழற்றி, மூடியை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏய் யுவே, உன் படத்துல மூடிக்கு ஆறு திருகு போட்டிருக்க."

"ஆமா."

"பம்புல அஞ்சுதான் இருக்கு."

யுவே சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டு, "எதை வச்சு எண்ணின?" என்றான்.

"விரலை வச்சுத்தான்."

"அப்ப விரல்தான் தப்பு."

அவன் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. ஷியாஹெ இன்னும் நான்கு தடவை எண்ணினாள். மூடியில் மேலே மூன்று துளை, கீழே இரண்டு. பம்பின் உடம்பிலும் அப்படியே. கீழே வலப்பக்கம் மொழுமொழுவென்று வெறும் இரும்பு. ஐந்து துளையே வரைந்து, கடைசி நாள் மதியம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெய் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"ஒரு திருகைக் காணோம்."

"பம்புல அஞ்சுதான் சார் இருக்கு."

"இருபத்தோரு வருஷமா இந்தப் பம்பை வரையறாங்க. நூறு பேருக்கு மேல ஆகுது. எல்லாரும் ஆறுதான் வரைஞ்சாங்க. எல்லாருக்கும் நான்தான் திருத்தினேன்."

இந்த இடத்தில் புத்தியுள்ள எவரும் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பத்து விநாடி வேலை. ஷியாஹெயோ, "நீங்களே வந்து எண்ணிப் பாருங்க சார்," என்றாள். வகுப்பில் இருந்த நாற்பது பேரும் வரைவதை நிறுத்திவிட்டார்கள்.

பெய் வந்து எண்ணினார். வலமாக எண்ணினார், பிறகு இடமாக எண்ணினார். அவருடைய சீனியாரிட்டிக்கு மரியாதை வைத்தாவது அந்தப் பம்ப் ஒரு துளை கூடுதலாகக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"பம்ப் தப்பா இருக்கு," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கையாகப் பேசி எவரும் கேட்டதில்லை.

"பட்டறைக்கு அனுப்பி ஆறாவதைப் போட்டுடலாம். வாயால சொன்னா அவங்க செய்யமாட்டாங்க, படம் வேணும். இந்த மூடியை அளந்தவங்க யாரு?"

யுவேயும் மற்ற மூவரும் அவரவர் தாளைக் கூர்ந்து கவனித்தார்கள். வேலை ஷியாஹெ தலையில் விழுந்தது.

சின்னத் தாள், ஒரு மூடி, ஒரு துளை. வகுப்பில் வேறு எவருக்கும் ஐந்து நிமிஷம். ஷியாஹெ மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தடவிப் பார்க்க அங்கே ஒன்றுமே இல்லையே. விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இதுவும் வராவிட்டால் பெய் சொன்னது உண்மையாகிவிடும். இடப்பக்கத் துளையை அளந்தாள். கீழே நடுவில் இருக்கும் துளையிலிருந்து இருபத்துமூன்று மில்லிமீட்டர். வலப்பக்கமும் அதே கோட்டில் அதே தூரம் இருக்க வேண்டும், வேறு எங்கே போகும் என்று யோசித்தாள். அப்படியே அந்த வெறும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே ஒரு துளை தெரிந்தது. வட்டமாக, விளிம்பு கூர்மையாக. கண்ணை மூடித் திறந்தாள். அப்போதும் இருந்தது. ஷியாஹெக்கு அழுகை வந்துவிட்டது. தாள் நனையாமல் தள்ளி வைத்துக்கொண்டு அழுது முடித்துவிட்டு, பிறகு வரைந்தாள்.

பெய் அந்தச் சின்னப் படத்தை அளவுகோல் வைத்துச் சோதித்தார். தப்புத் தேடினார் என்பது தெரிந்தது. கிடைக்காததால், 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சார், என் பெரிய படம்?"

"நாளைக்குக் காலையில பம்புல ஆறு இருக்கும். உன் படத்துல அஞ்சு. நான் எப்படிம்மா மார்க் போடறது?"

ஷியாஹெ தன் படத்தின் மூலையில், எந்த மாணவரும் நிரப்பாத தேதிக் கட்டத்தில், அன்றைய தேதியை எழுதினாள். யோசித்து, மணியையும் எழுதினாள். மாலை நாலு ஐம்பது.

பெய் அதைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஜைமேல் ஐந்து துளையோடு கிடந்த பம்பைப் பார்த்தார். அறுபத்தொன்று என்று எழுதினார். அறுபது தேறுவதற்கு. அந்த ஒன்று எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பட்டறையிலிருந்து பம்ப் வந்தது. ஷியாஹெ ஆறாவது திருகைப் போட்டு முடுக்கினாள். தடுமாறாமல் இறங்கியது. யுவே பக்கத்தில் வந்து நின்று, ஒருவழியாகப் பம்பைப் பார்த்தான்.

"இப்ப வகுப்பிலேயே உன் படம் ஒண்ணுதான் தப்பு."

"ஆமா," என்றாள் ஷியாஹெ. "அதைத் தப்பாக்கினதும் என் சின்னப் படம்தான்."