மைதானத்தில் ஒரு பெயர் சூட்டல்

அது 1964. பம்பாய் தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்த்த வெயிலுமுத்துவும் பூதத்தானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பரேஜ் மைதானத்தில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலுமுத்துவுக்கு மகள் பிறந்து நாற்பது நாளாகியும் பெயர் வைத்தபாடில்லை. பந்து உருண்டதுமே பூதத்தான் அந்தப் பேச்சை எடுத்தான்.

“ஏலே, மீனாட்சின்னு வச்சிட வேண்டியதுதான?”

“எங்க சந்துல ஏற்கெனவே நாலு மீனாட்சி. ஒருத்தியக் கூப்பிட்டா நாலு பேரும் வந்து நிப்பாளுவ.”

“அப்ப பிச்சம்மா?”

“வீட்டுல சொன்னேன். சண்முகவடிவு ரெண்டு நாளா எங்கூடப் பேசல.”

முன்னால் உட்கார்ந்திருந்த மராட்டியர் திரும்பி, “கியா ஜகடா ஹை, பாய்?” என்று இந்தியில் என்ன சண்டையென்று கேட்டார். விஷயம் தெரிந்ததும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். “சுமன்” என்றார். வேண்டாமென்றதும் “குசும்” என்றார். தன் மூன்று மகள்களுக்கும் பெயர் வைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

திடீரென்று கூட்டம் எழுந்து கத்தியது. கோல்! யார் போட்டதென்று மூவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

வீட்டுக்கு வந்த வெயிலுமுத்து, மைதானத்தில் கிடைத்த பெயர்களை மனைவியிடம் வரிசையாகச் சொன்னான். சண்முகவடிவு சிரித்துவிட்டாள்.

“பந்து பாக்கப் போன எடத்துல எம்புள்ளைக்குப் பேரா? நான் காலையிலயே கனகவள்ளின்னு கூப்பிட்டுப் பாத்தேன். திரும்பிப் பாத்தா. நீங்களும் கூப்பிடுங்க.”

அவன் குனிந்து, “கனகவள்ளி” என்றான். குழந்தை அவன் மூக்கைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

“நல்லாத்தான் இருக்கு” என்றான் வெயிலுமுத்து.