அண்ணி வைத்த கைநாட்டு

காலையில் வந்ததும் அவர் "தங்கச்சி" என்று கூப்பிட்டால் அன்றைக்குக் கவலையில்லை. "இந்தாம்மா" என்றால் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்க வேண்டும். ஒன்றுமே பேசாமல் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நேரே இயந்திரத்திடம் போனால், கத்தரிக்கோல், சுத்தியல், கனமான பூட்டு என்று கையில் தூக்கக்கூடிய எல்லாவற்றையும் மற்றவர்கள் சத்தமில்லாமல் அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். ஏழு வருஷமாக அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் வானிலை அறிக்கை இதுதான். அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு அண்ணியுடையது.

அங்கே இருக்கிற யாருக்கும் அவள் உண்மையில் அண்ணி இல்லை. அவளுடைய கொழுந்தன் முன்பு அங்கே வண்டி தள்ளிக்கொண்டிருந்தான். அவன் கூப்பிட்டதைக் கேட்டு எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் வேறு வேலைக்குப் போன பிறகும் பட்டம் அவளோடு தங்கிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த சூப்பர்வைசருக்கும் அவள் அண்ணிதான்.

அந்த வானிலைக்குச் சொந்தக்காரருக்கு வைத்திருந்த பட்டம் பாய்லர். அது முதுகுக்குப் பின்னால் மட்டும். நேரில் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

அவரும் அண்ணியும் ரோலரின் வாயில் நிற்பவர்கள். துவைத்த விரிப்பை ஒரு பக்கம் ஈரத்தோடு விட்டால், சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி மறுபக்கம் மொறமொறவென்று வரும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலையோடு மூலையைச் சேர்க்க வேண்டும். அந்த ஒரு நொடி முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவை அந்த முகத்தின் முன்னால் போய் நின்றுவிட்டு வர வேண்டும்.

கெட்ட மனுஷன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. அண்ணிக்குக் கால் வீங்கியபோது வீட்டிலிருந்து ஒரு ரப்பர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் நிற்கிற இடத்தில் விரித்தவர் அவர்தான். ஆனால் எப்போது எது அவரைக் கிளப்பும் என்று கடவுளுக்கே வெளிச்சம். தூக்கம் இல்லை என்பார்கள், வீட்டில் தகராறு என்பார்கள், மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பார்கள். ஆளுக்கொரு காரணம் கைவசம் இருந்தது. அவரிடமே போய்க் கேட்க ஒருத்தருக்கும் தைரியம் இருந்ததில்லை.

அண்ணி மட்டும் சமாளிப்பாள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு, அதை ஒளிப்பானேன். "அண்ணி சொன்னா அவரு கேப்பாரு" என்று நாலு பேர் சொல்லும்போது உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. புகழ்ந்த அத்தனை பேரும் அவளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை.

உறைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ரோலரில் ஒரு விரிப்பு சிக்கிக்கொண்டது. சிக்கியதை இழுக்க முழ நீளத்தில் ஒரு கொக்கிக் கம்பி உண்டு. அவர் இழுத்தார், வரவில்லை. மறுபடி இழுத்தார், துணி கிழிந்தது. "நான் பாக்கட்டுமா அண்ணே?" என்று அண்ணி கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். கம்பி அவர் கையிலிருந்து பறந்து வந்து அவள் வலது மணிக்கட்டில் விழுந்தது.

அடுத்த நிமிஷம் அந்த ஆள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பாவி நான், பாவி நான்" என்று அவள் காலைத் தொட வந்தார். வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தவள் அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று! துவைக்கிற இயந்திரத்துக்குப் பொறுப்பான சோப்பு மாமா எதிரிலேயேதான் நின்றார். எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு, இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவுக்குள் என்னமோ அதிசயம் நடப்பது போல் குனிந்துகொண்டார்.

சூப்பர்வைசர் விபத்துப் பதிவேட்டை எடுத்து வந்தார். "பாவம், அந்தாளுக்கு வேலை போயிடும் அண்ணி. போனா சும்மா இருப்பாரா? நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா யாரு பதில் சொல்றது? கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க." அனுசரிச்சு என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்தே மனுஷன் பதினெட்டு வருஷம் உத்தியோகம் பார்த்திருந்தார். தரையில் வழுக்கி விழுந்ததாக அவரே எழுதினார். வலது கை தூக்க முடியாததால் இடது கட்டைவிரலில் மை தடவி அவள் கைநாட்டு வைத்தாள். பத்தாவது வரை படித்தவள், கையெழுத்து அழகுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள், கைநாட்டு வைத்தாள். மை இரண்டு நாள் போகவில்லை.

வீட்டிலும் அதே கதையைத்தான் சொன்னாள். கணவன் நம்பினான். நம்பியதோடு விடாமல், அன்றிலிருந்து குளியலறைத் தரையைத் தினமும் காலையில் உட்கார்ந்து உலர்ந்த துணியால் துடைக்க ஆரம்பித்தான். "ஒரு தடவ விழுந்தது போதும்" என்பான். அவன் துடைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் படுக்கையில் அவளுக்கு முள் மேல் கிடப்பது போல் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மாவுக்கட்டோடு வேலைக்குத் திரும்பினாள். பக்கத்துத் தையல் அறையில், கிழிந்த விரிப்புகளில் இடது கையால் சாக்பீஸ் வட்டம் போடுகிற வேலை கொடுத்தார்கள். அப்பாடா என்று இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் ரோலரில் நிறுத்திய ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோவு வந்திருந்தது. ஒருவனுக்கு இடுப்பு, ஒருத்திக்குத் தலைசுற்றல். கடைசியில், நோவு வர உரிமை இல்லாத ஆள் ஒருத்தியைத் தேடிப்பிடித்திருந்தார்கள். சேர்ந்து நாலு மாசம் ஆகியிருந்தவள், அதுவரை வார்டுகளுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகாதவள். அண்ணியின் ஓரகத்தி, அதே கொழுந்தனின் மனைவி. அண்ணியே பேசி வாங்கிக் கொடுத்த வேலை அது.

"உங்க வீட்டு ஆளுதானே, நீங்க சொல்லிக் குடுத்தா போதும்" என்றார் சூப்பர்வைசர்.

ஓரகத்திக்கு வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பேசாத நேரத்தில் சிரிப்பாள், சிரிக்காத நேரத்தில் பாடுவாள். சாவு வீட்டில்கூட அவளை ஓரமாக உட்கார வைக்க வேண்டியிருக்கும். அவளைப் போய் அந்த முகத்துக்கு முன்னால் நிறுத்துவதா? 

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்க. நீ முதல்ல அடி எடுத்து வைக்காத, அவரு வருவாரு. மூலையக் குடுக்கும்போது விரல் படக்கூடாது. சிக்கிக்கிச்சுன்னா ரெண்டடி பின்னால வந்துடு. உதவி பண்றேன்னு சொல்லாத. 'இந்தாம்மா'ன்னு கூப்பிட்டா அன்னிக்குப் பாட்டு, சிரிப்பு எதுவும் வேணாம்."

"என்னக்கா, புலிக்கூண்டுக்கா அனுப்புறீங்க?" என்று ஓரகத்தி சிரித்தாள். பிறகு அண்ணியின் மாவுக்கட்டைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. "இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க. அப்ப உங்க கை எப்படிக்கா உடைஞ்சுது?"

"வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன்ல."

"சொன்னீங்க" என்றாள் ஓரகத்தி. தலைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

தையல் அறைக்கும் ரோலருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அண்ணிக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், கிழியாத இடத்திலெல்லாம் வட்டம் போட்டாள். காது முழுக்கத் தடுப்புக்கு அந்தப் பக்கம். விரிப்பை உதறும் சத்தம், நாலு காலடி, மடித்ததை அட்டியாக அடுக்கும் சத்தம். உதறல், நாலு காலடி, அட்டி. அந்தத் தாளம் தப்பாத வரைக்கும் மூச்சு வந்தது. காலையில் அவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்க மறந்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தையல்காரம்மா தண்ணீர் கொடுத்தாள். குடிக்கும்போது சத்தம் கேட்காதோ என்று அதையும் தள்ளி வைத்தாள்.

பதினொரு மணிக்கு உதறல் கேட்டது. காலடி கேட்கவில்லை. ரோலர் நின்றது. நின்ற அமைதியில் ஓரகத்தியின் சிரிப்பு கணீரென்று கேட்டது.

அண்ணி எப்படி எழுந்தாள், எப்படிக் கதவைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

ரோலரில் ஒரு விரிப்பு பாதி உள்ளே, பாதி வெளியே. ஓரகத்தி ரப்பர் பாய் மேல் நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு உதட்டிலேயே உறைந்திருந்தது. அவருடைய கையில் கொக்கிக் கம்பி. கழுத்து நரம்பு புடைத்து, கண் எங்கேயோ போயிருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் அந்த நிமிஷத்தில் பார்க்க வேறு ஏதோ ஒரு வேலை இருந்தது.

அண்ணி நேரே போய் ஓரகத்தியை இடித்துத் தள்ளிவிட்டு, தொங்கிய விரிப்பின் மூலையை இடது கையில் எடுத்தாள்.

"அண்ணே, அந்த மூலையப் பிடிங்க. மெதுவா இழுப்போம்" என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

அவர் அவளைப் பார்த்தார். கம்பி கொஞ்சம் ஆடியது. பிறகு தாழ்ந்தது. மூலையைப் பிடித்தார். ஏழு வருஷப் பழக்கம், உடம்பு தானாகச் செய்தது. விரிப்பு வந்துவிட்டது.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். எங்கிருந்தோ சூப்பர்வைசர் முளைத்தார். "பாத்தீங்களா! இதுக்குத்தான் அண்ணி வேணுங்கறது. அண்ணி இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. கட்டுப் பிரிச்சதும் பழைய இடத்துக்கே வந்துடுங்க அண்ணி, உங்க ஓரகத்தியும் தப்பிச்சுடுவா."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அண்ணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அளவுக்குக் கோபம் வந்தது. இவர்கள் மேல், அவர் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேல். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற ஓரகத்தியைப் பார்த்தபோது அது அழுகையாக மாறப் பார்த்தது. விடவில்லை.

"பதிவேட்ட எடுங்க" என்றாள்.

"எதுக்கு அண்ணி? இன்னிக்குத்தான் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இன்னிக்கு இல்ல. அன்னிக்கு ஆச்சு. எடுங்க."

சூப்பர்வைசர் குரலைத் தணித்தார். "பொய் எழுதிக் குடுத்ததா ஆயிடும். உங்க வேலைக்கும் சேத்துத்தான் உலை வைக்கிறீங்க. யோசிச்சுக்கோங்க. அனுசரிச்சு..."

"எழுதினது நீங்க. கைநாட்டு வச்சது நான். ரெண்டு பேருமே பதில் சொல்லிக்கலாம்."

பதிவேடு வந்தது. மடிப்பு மேஜை மேல் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். தன் கட்டைவிரல் ரேகை நீலமாகத் தெரிந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக்கொண்டாள். முதல் எழுத்திலேயே வலி தோள் வரைக்கும் ஏறியது.

"தங்கச்சி" என்றார் அவர். குரல் கெஞ்சியது. "நான்தான் அன்னிக்கே மன்னிப்புக் கேட்டேன்ல?"

"கேட்டீங்கண்ணே. நானும் மன்னிச்சுட்டேன். அது வேற, இது வேற." நிமிராமல்தான் சொன்னாள். நிமிர்ந்தால் அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திவிடுவோம் என்று பயம். அவளுக்கு அவர் மேல் இரக்கம் போய்விடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் வழுக்கி விழவில்லை என்று எழுதினாள். முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி கோணல்மாணலாக வந்தது.

"இந்தாம்மா."

கூடம் முழுக்கக் கேட்டது. யாரோ ஒருவர் பின்னால் நகரும் செருப்புச் சத்தமும் கேட்டது. அண்ணி பேனாவை விடவில்லை. ஏழு வருஷமாக அந்த வார்த்தைக்கு அவள் கை நின்றிருக்கிறது, வாய் நின்றிருக்கிறது. கம்பி இன்னும் அவர் கையில்தான் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. பார்க்கவில்லை. ஓரகத்தி வந்து அவளுக்கும் அவருக்கும் நடுவே நின்றுகொண்டாள். சிரிக்கவில்லை, பேசவும் இல்லை.

அண்ணி அடுத்த வரியை எழுதினாள். கம்பி என்று எழுதினாள். யார் எறிந்தது என்று எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்தினாள்.

"மணி எத்தனைன்னு போடணும்" என்றாள் பொதுவாக. "அன்னிக்கு மணி பாக்கிற நிலையில நான் இல்ல. யாராவது சொல்லுங்க."

 சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். துவைக்கிற இயந்திரம் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சட்டென்று அதுவும் நின்றது.

"பத்தேகால்" என்றார் சோப்பு மாமா. இயந்திரத்தின் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். கையில் சோப்பு நுரை. "செவ்வாய்க்கிழமை, பத்தேகால். நான் பாத்தேன்."

அண்ணி நேரத்தை எழுதினாள். அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள், முழுசாக. பிறகு பதிவேட்டையும் பேனாவையும் சோப்பு மாமாவின் பக்கம் நகர்த்தினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.